மூன்று நாள் என்று சொன்னேன்

மாதத்துக்கு எத்தனை நாள் போகும் என்று டாக்டரம்மா கேட்டபோது என் மாமியார் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மூணு நாளுங்க" என்றேன். உண்மையில் பன்னிரண்டு நாள். சில மாதம் பதினைந்துகூட ஆகும்.

டாக்டரிடமும் வக்கீலிடமும் பொய் சொல்லக்கூடாது என்று எனக்கும் தெரியும். ஆனால் மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு டாக்டரிடம் உண்மை பேசுவது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லையே. இப்போது உடம்பு தேறிவிட்டது. கனமான பாத்திரம் தூக்கக்கூடாது என்று சொன்ன கெடுவும் முடிந்துவிட்டது. மூன்று நாள் என்று சொல்லிக்கொண்டிருக்கிற பெண்கள் எங்கள் பக்கம் நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

எங்களுக்குப் பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை. கடைக்குப் பின்னால் தயாரிக்கிற அறை. கோயில் பிரசாதம் வேறு, நாங்கள் விற்பது வேறு. இருந்தாலும் சாமி பேரைச் சொல்லி விற்கிற பொருள் என்பதால் அத்தை அந்த அறையைக் கோயில் மாதிரியேதான் நடத்துவார். மாமனார் போன பிறகு கடை அத்தை கையில். காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அறை வாசலில் நிற்பார். வாழைப்பழம் உரிக்க வரும் நான்கு பெண்களையும் என்னையும் ஒவ்வொருவராகப் பார்த்து, "இன்னைக்கு உள்ள வரலாமா?" என்று கேட்பார். வரலாம் என்றால் கால் கழுவிக்கொண்டு உள்ளே போகலாம். விலக்கான நாள் என்றால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். அதை யாரும் குறையாக நினைத்ததில்லை. மூன்று நாள் கால் நீட்டிப் படுக்கலாம் என்று சந்தோஷமாகப் போனவர்களும் உண்டு.

எனக்குத்தான் முப்பத்தெட்டு வயதுக்கு மேல் மூன்று நாளில் முடியவில்லை. மாதத்தில் பாதி நாள் வாசலுக்கு வெளியே நின்றால் கடை என்ன ஆவது? அத்தைக்குப் பின் இந்தக் கடையை நான் நடத்த வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இருந்தது. அதை ஒளிப்பானேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் நாளைத் தள்ளிப்போடும் மாத்திரை கிடைக்கும். மலை ஏற வருகிற வெளியூர்ப் பெண்கள் பாதிப்பேர் அதை வாங்குவார்கள் என்பதால் கடைக்காரர் சீட்டும் கேட்க மாட்டார், கேள்வியும் கேட்க மாட்டார். தைப்பூசத்துக்கு ஓர் அட்டை, பங்குனி உத்திரத்துக்கு ஓர் அட்டை என்று ஆரம்பித்தேன். பிறகு விசேஷம் இல்லாத மாதத்துக்கும் வாங்கினேன். அட்டைகளை அந்த அறையிலேயே, மேல்தட்டில் ஒரு பழைய ஏலக்காய் டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அத்தை குள்ளம், கை எட்டாது. மாத்திரை போட்டும் கசிவு நிற்காத நாட்களில்கூட வாசலில் நின்று, "வரலாமுங்க அத்தை" என்று கண்ணைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போயிருக்கிறேன். பத்தாம் வகுப்பு படிக்கிற என் மகள் நித்யாவுக்கும், விடுமுறைக் கூட்டத்தில் உதவிக்கு வேண்டும் என்று இரண்டு முறை கொடுத்திருக்கிறேன். இதை எழுதக் கை கூசுகிறது.

ஒருநாள் பழம் உரித்துக்கொண்டிருந்தபோது கண் இருட்டித் தோல் குவியலின் மேலேயே விழுந்தேன். பித்தம் என்று எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தார்கள். எழுந்து நின்றதும் மறுபடி விழுந்தேன். அதன்பிறகுதான் அத்தை என்னை பஸ்ஸில் ஏற்றித் திண்டுக்கல்லுக்கு, தனக்குத் தெரிந்த டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனார்.

ரத்தத்தில் சிவப்புச் சத்து பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். எனக்கு ஏழு. டாக்டரம்மா காகிதத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "மூணு நாள் மட்டும் போறவங்களுக்கு ரத்தம் இப்படிக் குறையாதேம்மா" என்றார். நான் சேலை முந்தானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆகவே அவர் வேறு இடங்களில் தேடினார். மலம் சோதித்தார்கள். பூச்சி மாத்திரை கொடுத்தார்கள். வயிற்றில் புண் இருக்கிறதா என்று தொண்டை வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அந்தக் குழாய்க்கு வாயைத் திறந்தேனே தவிர உண்மைக்குத் திறக்கவில்லை. ஒவ்வொரு சோதனைக்கும் அத்தை கூடவே வந்து வராந்தா பெஞ்சில் காத்திருந்தார். கடைசியில் வயிற்றை ஸ்கேன் செய்தார்கள்.

கர்ப்பப்பையில் நார்க்கட்டி. அந்தத் தசையிலேயே முளைத்து வளர்கிற கட்டி, புற்றுநோய் இல்லை என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். உரித்த தேங்காய் அளவு இருக்கிறது, கர்ப்பப்பையே ஐந்து மாதக் கர்ப்பம் அளவுக்குப் பெருத்துவிட்டது என்றார்.

"அதான் வயிறு எடுப்பா இருந்துச்சுங்களா. நான் நெய்யைத் தின்னு வந்ததுன்னு நெனச்சுட்டேன்" என்றார் அத்தை.

எனக்கு நாற்பத்தொன்று, இரண்டு பிள்ளைகள் ஆகிவிட்டது. கர்ப்பப்பையோடு சேர்த்து எடுத்துவிடலாம் என்று முடிவானது. சிக்கல் ரத்தத்தில்தான் இருந்தது. கட்டி பெரிதாக வளர, அதற்குச் சோறு போடுகிற ரத்தக்குழாய்களும் தடித்துவிடுமாம். கத்தி வைத்தால் பீறிட்டு வரும். நான்கு பாட்டில் கையில் இல்லாமல் தொட மாட்டேன் என்றார். என் ரத்தம் பி நெகட்டிவ். திண்டுக்கல் ரத்த வங்கியில் அன்று அந்த வகையில் ஒரு பாட்டில்கூட இல்லை.

ஒரு மாதம் இரும்புச்சத்து ஊசி போட்டு ஒன்பதுக்கு ஏற்றினார்கள். அந்த ஒரு மாதத்தில் குடும்பம் முழுவதும் விரலை நீட்டியது. வீட்டுக்காரர் பி பாசிட்டிவ். என் அம்மா, அண்ணன், தம்பி, ஓரகத்தி யாரும் சேரவில்லை. அறுபது வயது அத்தை, யாரும் கேட்காமலே, "எனக்கும் பாருங்க" என்று கையை நீட்டினார். பி நெகட்டிவ். பெற்றவளிடம் இல்லாத ரத்தம் மாமியாரிடம் இருந்தது. வெளியில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவர், ரத்தம் எடுத்தபின் அங்கே கொடுத்த ஜூஸை நர்ஸுக்குப் பயந்து குடித்தார். இன்னொரு பாட்டில் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளத்துக்குத் தக்காளி ஏற்றிப் போகிற ஒரு லாரி டிரைவர் கொடுத்தது. வாழைத்தார் மண்டியில் சொல்லி வைத்து வீட்டுக்காரர் அவரைப் பிடித்தார். கொடுத்துவிட்டு அவர் லோடு ஏற்றப் போய்விட்டார். ஆக இரண்டு பாட்டில். "நாலு கேட்டேன், ரெண்டுதான் வந்திருக்கு. சத்து ஒன்பது இருக்கறதால பார்த்துச் செய்யலாம்" என்று டாக்டரம்மா அரைமனதாக ஒப்புக்கொண்டார்.

அங்கேதான் நான் பெரிய தவறைச் செய்தேன். திண்டுக்கல்லில் சேர்ந்த அன்று மாத்திரை அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். கர்ப்பப்பையையே எடுக்கப் போகிறார்கள், இனி எதைத் தள்ளிப்போடுவது என்று நினைத்தேன். அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் அதுவரை அடைத்து வைத்ததெல்லாம் சேர்ந்து வரும் என்பது எனக்குத் தெரியாது. மருந்துக்கடைக்காரர் சொல்லவில்லை. சொல்லக்கூடிய டாக்டரிடம் நான் சொல்லவில்லை. கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என் புளுகு மூன்று வருடம் ஓடி, ஆபரேஷனுக்கு முந்தின நாள் காலையில் வார்டில் வைத்து உடைந்தது.

கட்டிலிலிருந்து இறங்கிய இடத்திலேயே நின்றுவிட்டேன். கால் வழியே வழிந்து தரை முழுதும் ரத்தம். நர்ஸ் ஸ்டெல்லா ஓடிவந்து என்னைப் பிடித்துப் படுக்க வைத்தார். திண்டுக்கல்காரப் பெண், என்னைவிட இளையவர்.

"அக்கா, செத்த நேரம் அசையாம படுங்க. இம்புட்டுப் போகுதே, முன்னாடியே சொல்லக் கூடாதா?"

மத்தியானத்துக்குள் ஒன்பது என்பது ஆறாகிவிட்டது. ஊசி போட்டதில் வேகம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஸ்டெல்லா ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கம்பியில் மாட்டினார். "உங்க மாமியார் குடுத்ததுக்கா இது" என்றார்.

அத்தை கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொட்டாக இறங்கியது. எனக்குக் கீழே துணி நனைந்துகொண்டே இருந்தது. மேலே ஏறுவது அத்தையின் ரத்தம், கீழே போவதும் அத்தையின் ரத்தம்தான் என்று தோன்றியபோது, அதுவரை வராத பயம் எனக்கு அப்போது வந்தது. செத்துப்போவேன் என்ற பயம். இவரை ஏமாற்றியபடியே செத்துப்போவேன் என்ற பயம்.

டாக்டரம்மா வந்தார். அத்தையை வெளியே போகச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

"இருந்த ரெண்டுல ஒண்ணு போயிடுச்சு. இனிமேலும் மறைச்சா என்னால உங்களைக் காப்பாத்த முடியாதும்மா. மாத்திரையைத் திடீர்னு நிறுத்தினாத்தான் இப்படிக் கொட்டும். என்ன மாத்திரை சாப்பிட்டீங்க?"

சொன்னேன். பன்னிரண்டு நாள், மூன்று வருடம், ஏலக்காய் டப்பா, எல்லாவற்றையும் சுவரைப் பார்த்தபடி சொன்னேன். நான் முடிப்பதற்குள் நாற்காலி நகர்ந்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு வார்டைவிட்டுப் போய்க்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. அந்த மாத்திரையால் கால் நரம்பில் ரத்தம் உறைந்து நெஞ்சுக்குப் போய் ஆளையே கொல்லும், அப்படி ஆகாமல் இருந்தது உங்கள் அதிர்ஷ்டம் என்று மட்டும் சொன்னார். பிறகு வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எங்கள் இருவருக்கும் விளக்கினார். காத்திருந்தால் போய்க்கொண்டே இருக்கும். ஒரே பாட்டிலை வைத்துக்கொண்டு வயிற்றைத் திறந்தால் மேஜையிலேயே போய்விடலாம். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது என்றார்.

"வாய்க்காலை அடைச்சிட்டு வயலை வெட்டுற மாதிரிம்மா. கர்ப்பப்பைக்கு வலப்பக்கம் ஒண்ணு, இடப்பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பெரிய ரத்தக்குழாய். தொடை வழியா மெல்லிசா ஒரு டியூப் விட்டு, ரெண்டையும் உள்ளேயிருந்தே பொடி பொடியான மருந்துத் துகளால அடைச்சிடுவாங்க. கட்டிக்கு ரத்தம் போகாது. மறுநாள் நான் வந்து எடுக்கறேன்."

"அடைபடலைன்னா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"அடைபடணும்" என்றார் டாக்டரம்மா.

இதய நோயாளிகளுக்கு ஆஞ்சியோ பார்க்கிற எந்திரம் வேண்டும் என்பதால் மதுரைக்குப் போக வேண்டியிருந்தது. அன்றைக்கே ஆம்புலன்ஸ். லாரி டிரைவரின் பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்காரர் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். அத்தை எங்கே என்று கேட்டேன். "தெரியலியே. வந்துருவாங்க" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பழனிக்கே போய்விட்டார் என்று எண்ணினேன். போகட்டும், போகத்தான் செய்வார், நானாக இருந்தாலும் போயிருப்பேன் என்று என்னையே தேற்றிக்கொண்டேன். தேறவில்லை.

மதுரையில் அந்த எந்திரம் இருந்த அறையின் குளிரில் பல் கிட்டியது. மயக்கம் தர மாட்டார்கள். வலது தொடை மடிப்பில் மரத்துப்போக ஊசி போட்டு, அங்கேயிருந்து டியூபை ஏற்றினார்கள். டியூப் உள்ளே போவது தெரியவில்லை. ரத்தக்குழாய் படத்தில் தெரிவதற்காக ஒரு சாயத்தைச் செலுத்தும்போது மட்டும் அடிவயிறு முழுவதும் வெந்நீர் பரவியதுபோல் சூடாக இருந்தது. தலைக்குப் பக்கவாட்டில் டி.வி. பெட்டிபோல் ஒன்று. அதில் என் கட்டியைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாக நரம்புகள் புதர் மாதிரி மண்டிக் கிடந்தன. இவ்வளவையும் வைத்துக்கொண்டா வாசலில் நின்று வரலாம் என்று சொன்னேன்?

இடப்பக்கம் சீக்கிரம் முடிந்தது. "ஒண்ணு ஆச்சும்மா" என்றார் அந்த டாக்டர், இளவயதுக்காரர். வலப்பக்கம் டியூப் ஏறவில்லை. தொட்டதும் குழாய் சுருங்கிக்கொண்டுவிட்டது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை. அதுவரை பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்த டாக்டர் பாட்டை நிறுத்திவிட்டார். ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் பாதி வாய்க்கால் திறந்தே இருக்கும். வெளியே ஐஸ் பெட்டியில் ஒரே ஒரு பாட்டில்.

"முடியலீங்களா?" என்று கேட்டேன்.

"குழாய் பயந்துக்கிச்சும்மா. மருந்து விட்டிருக்கேன். பத்து நிமிஷம் அதை விட்டுப் பிடிப்போம். நீங்களும் பயப்படாம இருங்க."

எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். முருகனைக் கூப்பிடலாம் என்று பார்த்தால், அவரிடமும் இத்தனை நாள் பொய் சொல்லித்தானே உள்ளே போனேன் என்று நா எழவில்லை. நித்யாவை நினைத்துக்கொண்டேன். நான் போய்விட்டால் மேல்தட்டில் அந்த டப்பா இருக்கும். அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அடுத்த தைப்பூசத்துக்கு அவளே எட்டி எடுத்துக்கொள்வாள். இவளைத் தடுக்கவாவது நான் எழுந்து போக வேண்டும் என்று நினைத்தேன்.

டாக்டர் மறுபடி குனிந்தார். நேரம் போனதே தெரியவில்லை, அல்லது போகவே இல்லை. பிறகு, "போயிடுச்சு" என்றார். அந்த டி.வி. பெட்டியில் மறுபடி சாயம் ஓடியபோது இரண்டு பக்கமும் தண்டு மட்டும் தெரிந்தது. புதரைக் காணோம்.

அடுத்து வந்தது வலி. ரத்தம் கிடைக்காத கட்டி பட்டினியில் கத்துகிற வலி அது, வலித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம் என்றார்கள். இரண்டு பிரசவம் கண்டவள் நான். பிரசவ வலியாவது விட்டு விட்டு வரும். இது விடவில்லை. டியூப் போட்ட காலை ஆறு மணி நேரம் மடக்கவும் கூடாது. ஊசி போட்டுக் கொஞ்சம் அடங்கியபோது கதவைத் திறந்துகொண்டு அத்தை வந்தார். தலை கலைந்திருந்தது.

அவர் எங்கே போயிருந்தார் என்று வீட்டுக்காரர் பின்னால் சொன்னார். வார்டைவிட்டு இறங்கியவர் நேராக ரத்த வங்கிக்குப் போயிருக்கிறார். இன்னொரு பாட்டில் எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். கொடுத்து நான்கு மாதம் ஆகாமல் எடுக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். "எனக்கு வயசாச்சுங்க, எனக்கெதுக்கு இத்தனை ரத்தம்" என்று வெகுநேரம் வாதாடிவிட்டு, அவர்கள் அசையாததால் வார்டுக்குத் திரும்பி, ஸ்டெல்லா சொன்னதைக் கேட்டுத் தனியாக மதுரை பஸ் ஏறி, ஆஸ்பத்திரியை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்திருக்கிறார். அத்தைக்குப் படிக்கத் தெரியாது.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. அவர் கட்டிலோரம் நின்றார்.

"பன்னெண்டு நாளா?"

"ஆமாங்க அத்தை."

"மூணு வருசமா?"

"ஆமாங்க."

"பொண்ணுக்குக் குடுத்தியா?"

இதை அவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு தடவைங்க" என்றேன். நான் அழுதேன். அவர் என் கால்மாட்டில் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டு, மடக்காமல் இருக்க வேண்டிய காலின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் காலை திண்டுக்கல்லிலிருந்து டாக்டரம்மா வந்தார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கண் விழித்தபோது வாய் உலர்ந்திருந்தது, வயிறு கனத்தது, கம்பியில் வெறும் குளுக்கோஸ் தொங்கியது. ரத்தப் பாட்டிலைத் தேடினேன். முடிந்துபோய்க் கழற்றிவிட்டார்களோ என்று பயந்தேன்.

டாக்டரம்மா சிரித்தார். "ஒரு டம்ளர் அளவுக்கு மேல போகலைம்மா. கட்டி சோகை பிடிச்ச மாதிரி வெளுத்துக் கிடந்துச்சு. அந்த பாட்டிலைப் பிரிக்கவே இல்லை."

லாரி டிரைவரின் ரத்தம் அந்த ஆஸ்பத்திரியிலேயே பிரசவத்துக்கு வந்திருந்த வேறொரு பெண்ணுக்குப் போனது. வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

பழனிக்கு வந்து ஒரு மாதம் கழித்து, முதல்முறையாக அந்த அறைக்குள் போனபோது மேல்தட்டைப் பார்த்தேன். டப்பாவை எடுத்து அட்டைகளைக் குப்பையில் போட வேண்டும் என்றிருந்தேன். திறந்தால் உள்ளே புது ஏலக்காய். பக்கத்தில் ஒரு முக்காலி கிடந்தது. இனி என்னை எந்த நாளும் வாசலில் கேட்க வேண்டியதில்லை என்பது அத்தைக்கும் தெரியும். நினைக்க எனக்குச் சிரிப்பும் கசப்புமாக இருந்தது. முப்பது நாளும் உள்ளே போக ஒரு வழி வேண்டும் என்று மூன்று வருடம் பட்ட பாட்டுக்கு, கடைசியில் கர்ப்பப்பையையே கொடுத்துத்தான் அது கிடைத்தது.

தைப்பூசத்துக்கு மூன்று நாள் இருந்தது. பாதயாத்திரைக் கூட்டம் அடிவாரத்தை நிறைத்துவிட்டது. கடையில் டப்பாக்கள் காலியாகிக்கொண்டிருந்தன. அன்று நித்யாவுக்கு இரண்டாம் நாள். காலையில் அவள் கிணற்றடியில் துணி அலசியதை நானும் பார்த்தேன், அத்தையும் பார்த்தார்.

அத்தை வழக்கம்போல் அறை வாசலில் நின்றார். நான்கு பெண்களும் வந்து வழக்கம்போல் நின்றார்கள், கேட்பார் என்று. அத்தை கேட்கவில்லை. கதவைவிட்டு ஒதுங்கி நின்று, "கால் கழுவிட்டுப் போங்க, தார் பழுத்துக் கெடக்குது" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு உள்ளே போனார்கள். நான் போனேன். நித்யா மட்டும் படிக்குக் கீழேயே நின்றாள்.

"அப்பத்தா, நான் இன்னைக்கு..."

"தெரியும் அம்மிணி. வயிறு வலிக்குதா?"

"இல்லீங்க அப்பத்தா."

"அப்ப வந்து பழம் உரி. வலிச்சாச் சொல்லு, போய்ப் படுத்துக்கலாம்."